செங்கல் முகப்பில் விரிசல்: எது அசைந்தது என்று முதலில் பாருங்கள்

கான்கிரீட் சுவருக்கு வெளியே செங்கல் முகப்பு வைத்துக் கட்டுவது புதுச்சேரி, கடலூர் பக்கம் பெருகிவிட்டது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு விரிசல் பற்றிய கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு தரைத்தளமும் மூன்று மாடியும் கொண்டது, கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. கான்கிரீட் சுவருக்கு முன்னால் அரைக்கல் கனத்தில் ஒயர்கட் செங்கல் கட்டியிருக்கிறார்கள். அந்தச் செங்கல் ஒவ்வொரு மாடியிலும் ஸ்லாப் விளிம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்லாப் முகம் தெரியாமலிருக்க அங்கே மட்டும் மெல்லிய செங்கல் டைல் ஒட்டியிருக்கிறது. இப்போது மாடிக்கு மாடி அந்த மட்டத்திலேயே கிடையாக விரிசல். இரண்டு டைல் கழன்று விழுந்துவிட்டது. சந்துகளில் கலவை அடைத்துப் பாயிண்டிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
— வாசகர், லாஸ்பேட்டை

பதில்: செய்யாதீர்கள். முதல் வேலையாக அந்தச் சுவருக்குக் கீழே கயிறு கட்டி, வண்டி நிறுத்துவதையும் பிள்ளைகள் விளையாடுவதையும் நிறுத்துங்கள். 20 மி.மீ. கனமுள்ள ஒரு செங்கல் டைல் அரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

இனி காரணத்துக்கு வருவோம். சுட்ட செங்கல் சூளையை விட்டு வந்த நாள் முதல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். முதல் சில மாதங்களில் வேகமாகவும் பிறகு பல வருடங்களுக்கு மெதுவாகவும் நடக்கிற இந்தப் பெருக்கம், செங்கல் காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. கான்கிரீட் இதற்கு நேர் எதிர். காயக் காயச் சுருங்கும். பாரம் ஏறியிருக்கும் தூணும் சுவரும் வருடக்கணக்கில் இன்னும் கொஞ்சம் அமுங்கிக் குறுகும்.

மூன்று மீட்டர் உயர மாடி ஒன்றைக் கணக்குப் பார்ப்போம். கான்கிரீட்டின் சுருக்கம் மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. என்று வைத்தால் 0.9 மி.மீ. குறையும். செங்கல்லின் பெருக்கம் மண்ணையும் சுட்ட பதத்தையும் பொறுத்தது, மீட்டருக்கு 0.5 மி.மீ. என்று வைத்தால் 1.5 மி.மீ. கூடும். ஆக ஒரே மாடியில் இரண்டும் 2.4 மி.மீ. அளவுக்கு ஒன்றையொன்று இடிக்கும். செங்கல்லின் தலைக்கும் மேல் ஸ்லாப்பின் அடிக்கும் நடுவே 12 முதல் 15 மி.மீ. மெத்தென்ற இடைவெளி விட்டிருக்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் அந்த இடத்தைக் கலவையால் இறுக்கி அடைத்திருப்பார்கள். சுவரின் பாரம் தாங்க வேண்டாத செங்கல் மேல் கட்டடமே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த நெருக்கல் ஸ்லாப் விளிம்பில் ஒட்டிய டைலைத்தான் முதலில் வெளியே தள்ளும்.

இது ஊகமாகவே இருக்க வேண்டாம், நேரில் பார்த்து உறுதி செய்யலாம். விரிசலின் உதடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செங்கல் ஓரம் நொறுங்கி, செதில் செதிலாக உதிர்ந்திருந்தால் அது நெருக்கலால் வந்தது. ஓரம் கூராக, சுத்தமாகப் பிளந்திருந்தால் இழுவையால் வந்தது. அடுத்து மாடி முழு உயரத்துக்கும் தூக்குக்குண்டு விட்டு, நூலிலிருந்து செங்கல் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அரை அடிக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள். நடுவில் தொப்பை போட்டிருந்தால் செங்கல்லை உள்சுவரோடு பிணைக்கும் கம்பிகள் விட்டுவிட்டனவா என்றும் பார்த்தாக வேண்டும். சாரத்தில் நின்றபடி சின்ன மரச் சுத்தியலால் டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. டொப் டொப் என்று வெற்றுச் சத்தம் வந்தால் சுண்ணக்கட்டியால் குறி போட்டு அதை எடுத்துவிட வேண்டும்.

கடைசிச் சோதனைதான் சந்தேகமே இல்லாமல் சொல்லும். பொறியாளர் பக்கத்தில் இருக்கும்போது, ஸ்லாப்புக்கு நேர் கீழே உள்ள கிடைச் சந்தில் ஓர் அடி நீளத்துக்குக் கட்டர் வைத்து அறுக்கச் சொல்லுங்கள். நெருக்கல் இருந்தால் அறுக்க அறுக்கச் சந்து மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அறுத்த உடனேயும் மறுநாளும் அந்தச் சந்தின் அகலத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்தால் குறைந்திருப்பது தெரியும். பிளேடு கவ்வும்போது முறுக்கிப் பிடுங்கக் கூடாது, உடைந்து தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

பரிகாரம், மாடிக்கு மாடி அந்தச் சந்தை முழு நீளத்துக்கும் திறந்து, அமுங்கும் நுரைப்பட்டை வைத்து, வெளிமுகத்தை நெகிழும் சீலண்டால் மூடுவது. ஆனால் அறுப்பதற்கு முன்பே செங்கல்லை உள்சுவரோடு பிணைத்துவிட வேண்டும். பிணைப்பு இல்லாத செங்கல்லின் மேல்முனையை விடுவித்தால் அது சாய வழியாகிவிடும். பிணைப்பு ஆங்கர் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். உங்கள் பகுதிக்கு உப்புக்காற்று வரும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி நிலைக்காது. எந்த மாடியிலிருந்து ஆரம்பிப்பது, ஒரு நாளில் எத்தனை அடி அறுப்பது என்பதைப் பொறியாளர் எழுத்தில் கொடுக்க வேண்டும். பாயிண்டிங் போட்டால் என்ன ஆகும் என்றால், இருக்கிற கொஞ்ச இடைவெளியும் கெட்டியாக அடைபட்டு அடுத்த வரிசை டைல் கழலும்.

கேள்வி: புது வீடு, மூன்று மாதம்தான் ஆகிறது. முகப்புச் செங்கல்லின் சந்துகளில் எல்லாம் மயிரிழை போல விரிசல். செங்கல் நன்றாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
— வாசகி, வில்லியனூர்

பதில்: வேண்டாம். செங்கல்லில் ஏறாமல் கலவையில் மட்டும் ஓடுகிற மயிரிழை விரிசல், கலவை சுருங்கியதால் வருவது. கெட்டியாக இருக்கட்டும் என்று ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டுக் கியூரிங் செய்வதையும் இரண்டு நாளில் நிறுத்தியிருப்பார்கள். சிமெண்ட் கூடினால் சுருக்கமும் கூடும். முகப்புச் செங்கல்லுக்கு ஒன்றுக்கு ஆறு போதும். இன்னும் நல்லது ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சுண்ணாம்பு சேர்ந்த கலவை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் சுண்ணாம்புக் கலவைச் சுவர்கள் இத்தனை காலம் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்பதில் அந்த நெகிழ்வுக்கும் பங்கு உண்டு. ஒரு கோடைக்காலம் போகட்டும். பிறகு விரிசல் விட்ட சந்துகளை 15 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, நனைத்து, மெலிந்த கலவையில் மறுபாயிண்டிங் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் மனை. ஆறு வருடத்துக்கு முன் செங்கல் டிசைன் போட்ட ரெடிமேட் காம்பவுண்ட் வைத்தோம். இப்போது பேனல்களில் நீளவாக்கில் நேர்கோடாக விரிசல்; அதிலிருந்து பழுப்புக் கறை வழிகிறது. ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசிவிட்டால் மறுபடியும் வெடிக்கிறது.
— வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: நேர்கோடு, பழுப்புக் கறை, சில்லுப் பெயர்வு மூன்றும் சேர்ந்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். கான்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்கும் வலு மிகக் குறைவு, அதனால் கம்பி போகும் பாதையிலேயே பிளந்துகொள்கிறது. விரிசல்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். உள்ளே கம்பி கட்டிய இடைவெளியோடு ஒத்துப்போகும்.

உங்கள் பேனலின் கனத்தையும் கவனியுங்கள். வழக்கமாக 50 மி.மீ.தான். நடுவில் 6 மி.மீ. கம்பி வைத்தால் இரு பக்கமும் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், 22 மி.மீ. செங்கல் டிசைனுக்காக விட்ட பள்ளம் 6, 7 மி.மீ. ஆழம் இருந்தால் அந்த இடத்தில் 15 மி.மீ.தான் மிச்சம். கடலோரக் காற்றுக்கு ஆளாகும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கேட்பது எம்30 வலுத் தரக் கலவையும் 45 மி.மீ. கவரும். 50 மி.மீ. பலகையில் அது எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஆகவே உங்கள் ஊரில் இந்த வகைப் பேனல் சீக்கிரம் வெடிப்பதற்குக் கொத்தனாரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் கனத்துக்குள் சாதாரண இரும்புக் கம்பியை வைத்ததே கோளாறு.

துருவுக்கு உப்புதான் காரணமா, அந்த உப்பு கடல் காற்றால் உள்ளே போனதா, வார்க்கும்போதே கலந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வது முக்கியம். பெயர்த்த புது முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் இருப்பதுதான். கான்கிரீட் காரத்தன்மையோடு இருந்தால் இளஞ்சிவப்பாகும். நிறமே மாறாவிட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு கம்பி வரை போய், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் அந்தக் காரத்தைத் தின்றுவிட்டது. சிவப்பு நன்றாக ஏறியும் கம்பி துருப்பிடித்திருந்தால் குற்றவாளி உப்புதான். சிவப்பைப் பார்த்து, கான்கிரீட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அடுத்து தூண்களில் டிரில் போட்டு, ஒவ்வொரு 10 மி.மீ. ஆழத்துக்கும் ஒரு பொட்டலமாகத் தூள் எடுத்துக் கட்டுமானப் பொருள் சோதனைக்கூடத்தில் உப்பிலுள்ள குளோரைடின் அளவு கேளுங்கள். வெளித்தூளில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் கடல்காற்று. எல்லா ஆழத்திலும் ஒரே அளவாக இருந்தால் வார்த்த தண்ணீரிலோ மணலிலோ உப்பு இருந்திருக்கிறது. ஐ.எஸ். 456 கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடைத்தான் அனுமதிக்கிறது. கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம். கடலோர போர்த் தண்ணீர் பல இடங்களில் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பூச்சு ஏன் நிற்கவில்லை? உப்பேறிய கான்கிரீட்டில் ஒரு இடத்தை மட்டும் கொத்திப் புதுக்கலவை வைத்தால், அந்த ஒட்டுக்குள் கம்பி பத்திரமாகிவிடும், ஒட்டின் விளிம்பை ஒட்டிய பழைய கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அடுத்த வெடிப்பு ஒட்டின் ஓரத்தில் வருவது இதனால்தான்.

பேனல்களைப் பழுது பார்க்கப் பணம் செலவழிக்காதீர்கள், மாற்றுங்கள். தூண் பள்ளத்திலிருந்து மேலே உருவி எடுக்கிற அமைப்புதானே. தூண்களைத்தான் காப்பாற்றப் பார்க்க வேண்டும். வெடித்த இடத்தில் கம்பிக்குப் பின்னாலும் 20 முதல் 25 மி.மீ. வரை கொத்தி, கம்பி பளிச்சென்று தெரியும் வரை துருவை எடுத்து, பாலிமர் சேர்த்த ரிப்பேர் கலவையை அழுத்தி நிரப்பி, குறைந்தது ஏழு நாள் ஈரச்சாக்கு போட வேண்டும். கம்பியை வெர்னியரால் அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகத் தேய்ந்திருந்தால் பார்வைக்குச் சின்னதாகத் தெரியும். குறுக்குப் பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த அளவுக்குப் போயிருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கட்டாமல் மூடக் கூடாது. புதுப் பேனல் வாங்கும்போது கண்ணாடி இழைக் கம்பியோ ஸ்டெயின்லெஸ் கம்பியோ போட்டு வார்த்துத் தரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் தூணுக்கு நடுவே செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ கட்டிக்கொள்ளுங்கள். கம்பியே இல்லாத சுவரில் துரு வர வழியில்லை.

கேள்வி: செங்கல் முகப்பில் வெள்ளையாக உப்பு பூக்கிறது. விரிசலுக்கும் இதுதான் காரணமா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பெரும்பாலும் இல்லை, விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து காய்கிறது. காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், அதிலிருக்கும் குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் தின்னும். பளபளப்புக்காக வார்னிஷும் அடிக்க வேண்டாம். முகம் அடைபட்டால் உப்பு செங்கல்லுக்கு உள்ளேயே படிகமாகி, மேல்தோலைச் செதிலாக உரிக்கும். ஏதாவது அடித்தே ஆக வேண்டுமென்றால் ஆவியை வெளியே விடும் சிலேன் வகை நீர்விலக்கி அடியுங்கள், அதுவும் விரிசலைச் சரிசெய்த பிறகு.

கேள்வி: களிமண் நிலத்தில் கட்டிய ஒரு மாடி வீடு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் சந்து வழியே படிக்கட்டு போல விரிசல் ஏறுகிறது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கிறது. மழையில் சிறுத்து, சித்திரையில் பெரிதாகிறது. விரிசலுக்குள் எபாக்சிப் பசையை ஊசியால் ஏற்றச் சொல்கிறார்கள்.
— வாசகர், பாகூர்

பதில்: நீங்கள் கவனித்த பருவ மாற்றம்தான் இங்கே மிகப் பெரிய தடயம். களிமண் மழையில் உப்பி, கோடையில் வறண்டு சுருங்கும். மேலே அகலமான விரிசல் என்றால் வீட்டின் அந்த ஓரம் கீழே இறங்குகிறது. அடியில் அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது என்று பொருள். உங்களுடையது ஓர இறக்கம்.

ஜன்னல் மூலையில் வருவதெல்லாம் அஸ்திவாரக் கோளாறு என்று நினைத்துவிடவும் கூடாது. மூலைக்குச் சாய்கம்பி போடாத பேனலில் சுருக்கத்தாலேயே விரிசல் வரும். ஆனால் அது மூலையில்தான் அதிக அகலமாக இருக்கும், இரண்டடிக்குள் மெலிந்து மறைந்துவிடும், பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறாது. உங்கள் விரிசல் மூலையை விட்டு விலக விலக அகலமாகிறது.

எபாக்சி இப்போது வேண்டாம். அசைகிற விரிசலை எபாக்சியால் ஒட்டினால் ஒட்டு நிற்கும், பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். முதலில் அளந்து பாருங்கள். விரிசலின் ஒரு பக்கம் இரண்டு பித்தளைத் திருகாணி, மறுபக்கம் ஒன்று என முக்கோணமாக, 10 செ.மீ. இடைவெளியில் பதியுங்கள். மூன்று பக்கத்தையும் மாதம் ஒரு தடவை வெர்னியரால் அளந்தால் விரிசல் அகலமாகிறதா, வழுக்குகிறதா இரண்டும் தெரிந்துவிடும். எப்போதும் காலையில், சுவரில் வெயில் ஏறுவதற்கு முன்பே அளக்க வேண்டும். ஆறு மீட்டர் கான்கிரீட் 30 டிகிரி சூடேறினால் 1.8 மி.மீ. நீளும், செங்கல் ஏறக்குறைய 1.1 மி.மீ. நீளும், மதியம் அளந்த கணக்கு இந்த வித்தியாசத்தில் குழம்பிவிடும். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கண்ணாடித்துண்டு ஒட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். அது உடைந்தால் அசைந்தது தெரியும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது தெரியாது.

இதே போல ஒரு தொகுதி திருகாணியை உட்புறக் கான்கிரீட்டிலும் பதியுங்கள். வெளியே செங்கல் மட்டும் அசைந்து கான்கிரீட் சும்மா இருந்தால் பிரச்சினை முகப்போடு நிற்கிறது. இரண்டும் சேர்ந்து அசைந்தால் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் முழுதும் முடியாவிட்டாலும் ஏப்ரல், மே மாதங்களையும் நவம்பர், டிசம்பர் மாதங்களையும் தவறவிடாதீர்கள்.

அதுவரை செய்ய வேண்டியவை உண்டு. வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். மாடித் தண்ணீர்க் குழாய் அந்த மூலையில் கொட்டினால் திருப்பி விடுங்கள். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் வெட்டாதீர்கள். வேர் குடித்துக்கொண்டிருந்த ஈரம் மண்ணில் தங்கி, களிமண் எதிர்த்திசையில் உப்ப ஆரம்பிக்கும். அசைவு நின்றது என்று அளவு சொன்ன பிறகு, கிடைச் சந்துகளில் 6 மி.மீ. முறுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியை விரிசலுக்கு இரு பக்கமும் அரை மீட்டர் நீளம் வரும்படி, நாலைந்து வரிசைக்கு ஒன்றாகப் பதித்துத் தைக்கலாம். உட்புறக் கான்கிரீட்டுக்கு அப்போது எபாக்சி சரி.

கேள்வி: நெய்வேலிப் பக்கத்துச் சாம்பல் கல்லை முகப்புக்குப் போட்டால் விரிசல் குறையுமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அனல்மின் நிலையச் சாம்பலில் வார்க்கும் இந்தச் சாம்பல் கல் சுட்ட செங்கல்லைப் போலப் பெருக்காது, கான்கிரீட்டோடு சேர்ந்து சுருங்கும். ஆகவே லாஸ்பேட்டை வாசகர் சொன்ன மாடி நெருக்கல் வராது; அதற்குப் பதில் செங்குத்தாக இழுவை விரிசல் வரும். வார்த்து 28 நாள் ஆகாத கல்லை இறக்க விடாதீர்கள். கட்டும்போது தொப்பலாக நனைக்கக் கூடாது. ஆறு மீட்டருக்கு ஒரு செங்குத்து அசைவுச் சந்து விடுங்கள். சுட்ட செங்கல்லுக்கு அது 10, 12 மீட்டருக்கு ஒன்று போதும், ஆனால் சூளையிலிருந்து வந்ததை இரண்டு மூன்று வாரம் வெளியில் அடுக்கி வைத்த பிறகே எடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் யார்டில் அச்சில் 20 மி.மீ. செங்கல் டைலை அடுக்கி அதன்மேல் கான்கிரீட் ஊற்றிப் பேனல் வார்க்கிறோம். நீளம் 3.6 மீட்டர். சில பேனல் தூக்கும்போதே நடுவில் குறுக்காக விரிகிறது. சிலது அடுக்கி வைத்த இடத்தில் வில் போல வளைகிறது.
— மேற்பார்வையாளர், காலாப்பட்டு

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய். நடுவில் குறுக்கு விரிசல், தூக்கும் முறையால் வருவது. இரு கொக்கிகள் பேனலின் இரண்டு நுனியில் இருந்தால் நடுப்பகுதி தொங்கி அடியில் பிளக்கும். நுனியிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக, உங்கள் பேனலுக்கு 75 செ.மீ. உள்ளே கொக்கி வையுங்கள். நடுவிலும் கொக்கி இருக்கும் இடத்திலும் வளைவுவிசை சமமாகிவிடும். அடுக்கும்போதும் அதே இடத்தில்தான் கட்டை. மேல் பேனலின் கட்டை கீழ்ப் பேனலின் கட்டைக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு சாண் தள்ளிப்போனாலும் கீழே இருப்பது விரியும். அச்சைப் பிரிக்கும் நேரத்தை மணிக்கணக்கில் தீர்மானிக்காமல், பேனலோடு வார்த்துப் பக்கத்திலேயே வைத்த கியூபை, அதாவது சோதனைக்கான கான்கிரீட் கட்டியை, உடைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வளைவுக்குக் காரணம் முன்பே சொன்னதுதான். ஒரு முகத்தில் பெருக்கும் செங்கல், மறுமுகத்தில் சுருங்கும் கான்கிரீட். பேனல் செங்கல் பக்கம் புடைக்கும். இரு நுனிக்கும் நூல் கட்டி நடுவில் அளந்து பாருங்கள். நீளத்தில் 360-இல் ஒரு பங்கு, உங்களுக்கு 10 மி.மீ., அதைத் தாண்டினால் சுவரில் ஏற்றாதீர்கள். வளைந்ததைப் போல்ட்டால் இழுத்து நேராக்கினால் போல்ட் பக்கத்தில் வெடிக்கும். வெயில் செங்கல் முகத்தில் மட்டும் விழும்படி வைக்காதீர்கள், பின்முகத்தை முதல் வாரம் காய விடாதீர்கள். கலவையில் தண்ணீரைக் குறைத்தால் சுருக்கம் நேரடியாகக் குறையும்.

டைல் விஷயத்தில் ஒன்று. எலும்பாகக் காய்ந்த டைலை அச்சில் போட்டால் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சி, ஒட்டும் முகத்தைப் பொடியாக்கிவிடும். நீர் சொட்ட வைத்தாலும் பிடிக்காது. ஊறவைத்து எடுத்து, மேற்பரப்பு மங்கும் வரை காற்றில் ஆறவிட்டுப் போடுங்கள். முதுகில் உள்ளகன்ற பள்ளம் உள்ள டைலாக வாங்குங்கள்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலின்போது பேனல் சுவர் வழியாக வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. விரிசலை எல்லாம் அடைத்தோம். இந்த மழையிலும் வருகிறது.
— வாசகி, அரியாங்குப்பம்

பதில்: 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த அந்தப் புயலைப் போன்ற காற்றில் மழை நேராகக் கீழே விழாது, சுவரில் அறையும். முகப்புச் செங்கல் கொஞ்சம் தண்ணீர் விடுவது இயல்பு. உள்ளே வந்த நீர் பின்பக்க இடைவெளியில் இறங்கி, அடிவரிசையில் விட்ட வடிகால் துளை வழியே வெளியேற வேண்டும். விரிசல் என்று நினைத்து அந்தத் துளைகளையும் அடைத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள்.

பிறகு குழாய்ச் சோதனை. மழை விட்டு ஒரு வாரம் காய்ந்த சுவரில், அடிவரிசையிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா ஓட்டையிலும் நுழைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. ஒரு மட்டத்துக்குக் கால் மணி நேரம் தெளியுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். ஈரம் தெரிந்த நிமிடத்தில் குழாய் இருந்த மட்டமே நீங்கள் தேடும் இடம். அநேகமாக அது விரிசலாக இராது. இரண்டு பேனல் சேரும் சந்தோ ஜன்னல் சட்டத்தின் ஓரமோ ஆக இருக்கும்.

பேனல் சந்தைச் சிமெண்ட் கலவையால் அடைத்திருந்தால் முழுதும் எடுத்துவிடுங்கள். பேனலின் விளிம்பு சில்லுப் பெயர்வதற்கும் அதுதான் காரணம். பழைய சீலண்டின் பிசுக்கும் இருக்கக் கூடாது. 20 மி.மீ. சந்துக்கு 25 மி.மீ. நுரைக்கயிற்றை அழுத்திச் செருகி, அதன் முன்னால் சீலண்ட் 10 மி.மீ. ஆழம் வரும்படி நிறுத்துங்கள். அகலத்தில் பாதி ஆழம் என்பதுதான் கணக்கு. சீலண்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், பின்னால் ஒட்டினால் சந்து விரியும்போது நடுவில் கிழியும். செங்கல் ஓரத்துக்கு பிரைமர் கட்டாயம். பாலியூரிதேன் வகை போதும்; சிலிக்கான் சில செங்கல்லில் எண்ணெய்க் கறை இறக்கும், ஒரு ஓரத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் சந்து மூடியிருக்கும், அதனால் வேலையைக் காலையில் வையுங்கள். சீலண்ட் காய ஒரு வாரம் விட்டு, அதே மட்டத்தில் அதே குழாயை மறுபடியும் கால் மணி நேரம் பிடித்துப் பார்த்த பிறகே சாரத்தை அவிழ்க்க விடுங்கள்.